கசகசா போனால் கம்பி எண்ணணும்!



நம்ம வகுப்பில் கை தூக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு அப்பாவோ, மாமாவோ, அண்ணனோ வெளிநாட்டில் இருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா துபாயில் கம்பி கட்டும் வேலை பார்க்கிறார். போன வருஷம் லீவு முடிந்து கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, பக்கத்து வீட்டு அத்தை ஒரு பார்சல் கொண்டு வந்தார். "என் மகனுக்குப் பொடிதான் தம்பி. நல்லா ஒட்டியிருக்கேன், பிரிச்சிடாதீங்க" என்றார். ஆனால் அப்பா கத்தரிக்கோலை எடுத்துப் பிரித்தார். உள்ளே இட்லிப் பொடி, ஊறுகாய், சீட்டு இல்லாத இரண்டு அட்டை வலி மாத்திரை, ஒரு சின்னப் பொட்டலம் கசகசா!

அப்பா கசகசாவையும் மாத்திரையையும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அத்தைக்குக் கோபம். "குழம்புக்குப் போடற கசகசாவா வெடிகுண்டு? என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு ரொம்ப சங்கடமாகிவிட்டது. எனக்கும் அப்பா செய்தது தப்பு என்றுதான் தோன்றியது. அப்புறம் அப்பா விளக்கமாகச் சொன்னார்.

சுங்கத்துறை என்பது ஒரு நாட்டுக்குள் வரும் பொருள்களைச் சோதிக்கும் துறை. எதைச் சும்மா விடலாம், எதற்கு வரி போடணும், எதை உள்ளேயே விடக் கூடாது என்று அவர்கள்தான் பார்ப்பார்கள். இந்தப் பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். நம்ம ஊர் மளிகைக் கடையில் கிடைக்கும் பொருள் அங்கே குற்றமாக இருக்கலாம்.

கசகசாவை ஏன் தடுக்கிறார்கள்? அபின் எடுக்கிற செடியின் விதைதான் கசகசா. அந்தச் செடியின் காயைக் கீறினால் வரும் பாலில் இருந்துதான் அபின் எடுக்கிறார்கள். விதையைச் சமைத்துச் சாப்பிட்டால் நமக்கு மயக்கம் வராது. ஆனாலும் அந்தப் பாலில் உள்ள மார்ஃபின் விதையிலும் துளி ஒட்டியிருக்கும். அதனால் துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்திலும், சவூதியிலும், சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை. பிடிபட்டால் போதைப்பொருள் வழக்கு! "எனக்குத் தெரியாது, அடுத்தவங்க கொடுத்தது" என்று சொன்னால் தப்பிக்க முடியாது. பை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு.

இதைக் கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. ஏனென்றால் எங்க அப்பத்தா அரைத்துக் கொடுத்த கறிமசாலாவிலும் கசகசா இருந்தது! ஓடிப் போய்ச் சொன்னேன். அப்பா அதையும் எடுத்து வெளியே வைத்தார். அத்தை மட்டும் இல்லை, எங்க வீட்டிலும் அதே தப்புதான் நடக்க இருந்தது.

இந்தக் கட்டுரைக்காக அப்பாவிடம் போனில் கேட்டு எழுதிக் கொண்டவை:

1. அமீரகத்துக்கு வெற்றிலையும் கொண்டு போகக் கூடாது. தாத்தாக்கள் கவனிக்கவும்!

2. டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்துகளுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு. முன்கூட்டியே அனுமதி வாங்கணும். மற்ற மாத்திரை என்றாலும் டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டு போவது நல்லது.

3. சிங்கப்பூரில் 1992 முதல் சூயிங்கம் இறக்குமதிக்குத் தடை. 2018 முதல் மின் சிகரெட் கையில் வைத்திருப்பதே குற்றம். ஹெராயின் 15 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை வரைக்கும் உண்டு.

4. அமீரகத்தில் தெரியாதவர்களை, முக்கியமாகப் பெண்களை, அனுமதி இல்லாமல் போட்டோ எடுத்தால் வழக்கு வரும்.

5. திரும்பி வரும்போது நம்ம விமான நிலையத்திலும் சுங்கச் சோதனை உண்டு. வரி கட்ட வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழி, இல்லையென்றால் பச்சை வழி. பொருளை மறைத்துக்கொண்டு பச்சை வழியில் போகவே கூடாது. ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவர்களில் ஆண்களுக்கு 20 கிராம், பெண்களுக்கு 40 கிராம் தங்க நகைக்கு வரி இல்லை. நகைக்குத்தான் இந்தச் சலுகை. தங்கக் கட்டிக்கும் காசுக்கும் கிடையாது.

6. விதிகள் அடிக்கடி மாறும். கிளம்பும் முன் அந்த நாட்டுச் சுங்கத்துறையின் பட்டியலைப் பார்க்கணும்.

அத்தை ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. அப்புறம் அவர் மகனே போனில், "மாமா செஞ்சதுதாம்மா சரி" என்று சொல்லியிருக்கிறார். இப்போது யார் ஊருக்குப் போனாலும் அத்தை பொட்டலத்தை ஒட்டாமல் கொண்டு வந்து, "பாத்துட்டு நீங்களே கட்டிக்கோங்க" என்கிறார்.

தோழர்களே, உங்கள் வீட்டில் யாராவது கிளம்பினால் பையை அடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். பிரித்துப் பார்ப்பது அவமரியாதை இல்லை. நம்ம அப்பா பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி