கூட்டு நீராவி எஞ்சின்

கோலாலம்பூர் செந்தூலில் இருந்த மத்திய ரயில்வே பட்டறையில் தமிழர் பலர் உழைத்தனர். மலாயா ரயில்வேயில் 1938ஆம் ஆண்டு முதல் ஓடிய 56ஆம் வகை எஞ்சின்கள் அங்கே பழுது பார்க்கப்பெற்றன. அவற்றுக்கு உருளைகள் மூன்று. உருளைகள் மிகுந்திருப்பதால் அவற்றைக் ‘கூட்டு எஞ்சின்’ எனக் கருதத் தோன்றும். அது பிழை. மூன்று உருளைகளும் கொதிகலனிலிருந்து நேராக ஆவியைப் பெற்று, ஒருமுறை பயன்படுத்தி, புகைபோக்கி வழியே வெளியேற்றின. இரண்டே உருளைகள் கொண்டு ஜெர்மனியில் சரக்கு வண்டி இழுத்தவற்றுள் பலவோ உண்மையான கூட்டு எஞ்சின்கள். ஆகவே, உருளைகளின் எண்ணிக்கை அன்று, ஆவி செல்லும் வழியே கூட்டு எஞ்சினின் இலக்கணமாகும்.

தேங்காய்த் துருவலை ஒருமுறை பிழிந்தவுடன் எறிந்துவிடுவார் எவரும் இலர். மீண்டும் பிழிந்து இரண்டாம் பால் எடுப்பர். கூட்டு எஞ்சின் செய்வதும் இதுவே. கொதிகலனின் ஆவி முதலில் சிறிய உருளையிற் புகுந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அழுத்தம் குறைந்த அவ்வாவியே பின்னர்ப் பெரிய உருளையிற் புகுந்து மீண்டும் வேலை செய்கிறது.

இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. ஆவி விரியும்போது குளிர்கிறது. உருளையின் சுவரும் உடன் குளிர்கிறது. அடுத்து வரும் புத்தாவியில் ஒரு பகுதி அச்சுவரிற் பட்டு நீராகி வீணாகும். விரிவை இரு உருளைகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொன்றிலும் வெப்ப வேறுபாடு குறையும், நிலக்கரியும் மிச்சமாகும்.

1876இல் அனத்தோல் மாலே என்பார் பிரான்சில் இம்முறையை ரயில் எஞ்சினிற் கையாண்டார். 1880இல் ஆகஸ்ட் ஃபான் போரிஸ் என்பார் ஹானோவரில் இதனைத் தொடங்கினார். பிரஷ்ய ரயில்வே இம்முறையைச் சரக்கு எஞ்சின்களிற் பெரிதும் ஏற்றது. 1895 முதல் கட்டப்பட்ட ஜி 7.2 என்னும் வகையில் சிறிய உருளையின் விட்டம் 530 மில்லிமீட்டர். பெரியதன் விட்டம் 750. குறுக்குப் பரப்பைக் கணக்கிட்டால், பெரியது சிறியதைப் போல் இரு மடங்காகும். அழுத்தம் குறைந்த ஆவி ஈடான வேலை செய்யப் பெரிய பரப்பு வேண்டுமன்றோ?

குறை ஒன்றும் இருந்தது. புறப்படும்போது பெரிய உருளையில் ஆவி இராது. சிறிய உருளையின் பிஸ்டன் ஓட்டத்தின் கோடியில் நின்றுவிட்டால் எஞ்சின் நகராது. ஆகவே, புத்தாவியை அழுத்தம் குறைத்துப் பெரிய உருளைக்குச் சிறிது நேரம் அனுப்பும் தனி வால்வு தேவைப்பட்டது.

பின்னர், வில்ஹெல்ம் ஷ்மித் ஆவியை மேலும் சூடேற்றும் முறையைக் கொணர்ந்தார். அத்தகைய ஆவி சுவரிற் பட்டு எளிதில் நீராவதில்லை. 1902இல் தோன்றிய பிரஷ்யாவின் ஜி 8 எஞ்சின் இம்முறையைக் கைக்கொண்டு, கூட்டு முறையைக் கைவிட்டது.

எனினும், தமிழ்நாட்டில் அம்முறை மறையவில்லை. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 1914 முதல் செய்யப்பட்டவை. அவற்றுக்கு உருளைகள் நான்கு. கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள பல்தண்டவாள ஏற்றத்தில் மட்டும், முதல் இரண்டு உருளைகள் பயன்படுத்திய ஆவி மற்ற இரண்டிற்கும் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றும். சமதளத்தில் அவ்விரண்டும் வேலை செய்வதில்லை. ஒரே எஞ்சின் ஓரிடத்திற் கூட்டு எஞ்சினாகவும், பிறிதோரிடத்தில் தனி எஞ்சினாகவும் இயங்குகிறது.

எனவே, வகுப்பில் எஞ்சின் படத்தைக் காட்டும் ஆசிரியர், ‘உருளைகள் எத்தனை?’ என்று கேட்பதோடு நிறுத்தலாகாது. ‘இந்த உருளைக்கு ஆவி எங்கிருந்து வருகிறது?’ என்றும் கேட்டல் வேண்டும்.