மேகக் கணினியும் பழைய சந்தாவும்

தமிழ்ப் பகுதியில் செய்யுட் சுவையும் காவிய ஆராய்ச்சியும் எதிர்பார்த்து வரும் அன்பர்கள் இக்கட்டுரையின் தலைப்பைக் கண்டு திகைத்தல் கூடும். யாமும் இப்பொருளை விரும்பித் தேடிச் சென்றேமல்லேம். எம் தமிழ்த் துறையிலுள்ள பழைய சஞ்சிகைத் தொகுதிகளை ஏடு ஏடாகப் படமெடுத்துக் கணினியிற் சேர்த்துவைக்கும் பணி சென்ற ஆண்டு ஆனர்ஸ் வகுப்பினராகிய எம் அறுவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. செலவுக்குப் பழைய மாணவர் சிலர் மனமுவந்து ஒரு தொகை ஈந்தனர். அத்தொகையில் ஒரு பகுதியை, யாம் அறியாமையால், ஒரே பொருளுக்கு இருமுறை விலையாகக் கொடுத்துவிட்டோம். அவ்வறியாமை இன்னதென விளக்குவதே ஈண்டு எம் நோக்கம். ஈந்தோர்க்குக் கணக்கு ஒப்புவித்தலும் ஆம்.

துறையறையில் ஒரு பழைய சர்வர் இருந்தது. அதில் ரெட் ஹாட் நிறுவனத்தாரின் எண்டர்பிரைஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம் இயங்கிற்று. அதற்குக் கல்லூரி ஆண்டுச் சந்தா கட்டியிருந்தது. கூரை ஒழுக்கும் மின்வெட்டும் சேர்ந்து அப்பொறியை முடக்கியபோது, சந்தாவோ இன்னும் ஏழு மாதம் மிஞ்சியிருந்தது. வேறு பொறி வாங்கப் பொருளில்லை. ஆகவே மேகக் கணினி ஒன்றை வாடகைக்கு அமர்த்துவது என முடிவாயிற்று.

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். லினக்ஸின் கருவை 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். அங்ஙனமாயின் சந்தா எதன்பொருட்டு? யாமும் முதலில் இவ்வாறே வினவினோம். சந்தாதாரர் விலைகொடுத்துப் பெறுவது நிரலையன்று. அந்நிரலை நாள்தோறும் காத்துநிற்கும் உழைப்பையே. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஓபன் எஸ்.எஸ்.எல். என்னும் மறையாக்கத் தொகுதியில் ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற பிழை வெளிப்பட்டது. தொலைவிலுள்ள அயலான் ஒருவன் சர்வரின் நினைவகத்திலிருந்து சிறிது சிறிதாகக் களவாடிப் படிக்க அது இடந்தந்தது. இத்தகைய பிழைகட்குத் திருத்தம் ஆராய்ந்து செய்து, பரிசோதித்து, சந்தாதாரர் பொறிகட்கு அனுப்புதலே அந்நிறுவனத்தார் தொழில். அவர்தம் இயங்குதளத்தின் ஒவ்வொரு பெரும் பதிப்பையும் பத்தாண்டு காக்கின்றனர். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பு 2032 வரை காக்கப்படும். சந்தா அற்ற பொறியும் இயங்கும்; ஆனால் திருத்தம் வாராது.

இனி மேகத்தைக் காண்போம். அமேசான் நிறுவனத்தார் 2006ஆம் ஆண்டில் மணிக்கணக்கில் கணினியை வாடகைக்கு விடத் தொடங்கினர். மைக்ரோசாப்டும் கூகிளும் பின்னர் அவ்வழியே வந்தன. இங்கு ஒரு பொறியைத் தோற்றுவிக்க வேண்டின், முதலில் ஒரு படிமத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இயங்குதளம் முன்னரே நிறுவப்பெற்ற அச்சே படிமம் என்க. இப்படிமம் இருவகைத்து. விடுதி வாழ்வினர்க்கு இதனை எளிதில் உணர்த்தலாம். கட்டிலும் மெத்தையும் உட்பட வாடகை பேசும் அறை ஒன்று; வெற்றறை மற்றொன்று. முதல்வகைப் படிமத்தில் இயங்குதளச் சந்தாவின் விலை மணிவாடகையோடு கலந்தே வரும். இரண்டாம் வகையில் கணினிக்கு மட்டுமே வாடகை. சந்தாவை நாமே கொண்டுசெல்ல வேண்டும். வீட்டில் மெத்தை உடையவன் வெற்றறையைத் தேர்வான் அன்றோ? யாம் தேர்ந்ததோ மெத்தையிட்ட அறை! பட்டியலின் முதலிலிருந்தது அதுவாகலின், பிறிதொன்று உண்டென்பதே எமக்குத் தெரியாது.

பொறி தோன்றியதும், சப்ஸ்கிரிப்ஷன்-மேனேஜர் ரெஜிஸ்டர் என்னும் கட்டளையிட்டு எம் சந்தாவை அதிற் பதிவு செய்தோம். பதிவு இனிதே நிறைவேறிற்று. இனிக் கட்டணம் குறையும் என்று மகிழ்ந்திருந்தோம். இரண்டு மாதக் கணக்குச்சீட்டு வந்தபின்னரே உண்மை புலனாயிற்று. மேகத்தார் பார்ப்பது படிமத்தின்மேற் பொறித்த விலைக்குறியை மட்டுமே; உள்ளே நாம் யாது பதிந்தோம் என்பதை அவர் அறியார். ரெட் ஹாட் நிறுவனத்தார் பார்ப்பது பதிவை மட்டுமே; அறைக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார் என்பது அவர்க்குப் பொருளன்று. ஆகவே இருவரும் நேர்மையாகவே பெற்றனர். இருமுறை கொடுத்தவர் யாம். இதனைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. திருத்தங்கள் வரும் களஞ்சியங்களின் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஆர்.எச்.யு.ஐ. என்னும் எழுத்துக்கள் அவற்றிற் காணப்படின், அப்பொறி மேகத்தாரிடமிருந்து திருத்தம் பெறுகின்றது என்பது பொருள். எம் பொறியில் அவ்வெழுத்துக்கள் முதல் நாளிலிருந்தே நின்றன. படிக்கக் கற்றவர் யாவரும் படிக்கலாம்.

முறையாகச் செய்ய வேண்டுவது வேறு. மேகத்திலுள்ள நம் கணக்கை ரெட் ஹாட் கணக்கோடு முதலிற் பிணைத்தல் வேண்டும். பிணைத்தபின், கோல்ட் இமேஜ் எனப்படும் சந்தா கலவாத படிமங்கள் நம் கணக்கிற் காணக் கிடைக்கும். அவற்றிலொன்றைக்கொண்டு பொறியைத் தோற்றுவித்து, அதன்பின் பதிய வேண்டும். முற்காலத்தில் பதிவோடு நில்லாது குறித்த சந்தாவைப் பொறியோடு தனியே இணைத்தலும் வேண்டியிருந்தது; இப்பொழுது அத்தொல்லை நீங்கிவிட்டது. சந்தாக்கள் அனைத்தும் மேகத்துக்குச் செல்லும் உரிமை பெற்றவையல்ல என்பதையும் மறவற்க. ஒரே பௌதிகப் பொறியில் எத்தனை மாயக் கணினிகளையும் வைத்துக்கொள்ளலாம் என்னும் வகைச் சந்தா அங்கே செல்லாது. மேலும், மேகத்தில் பதிந்த சந்தாவைப் பழைய பொறியிலும் விட்டுவைத்தால் எண்ணிக்கை மிகும். முடங்கிய பொறியின் பெயர் எம் பட்டியலில் பல வாரம் உயிரோடிருந்ததை எம் கணக்காசிரியரே கண்டு சிரித்தார்.

படிமத்தை நகலெடுப்போர்க்கு மற்றோர் எச்சரிக்கை. பதிந்த பொறியை அப்படியே நகலெடுத்தால் அதன் அடையாளச் சான்றும் உடன் நகலாகும். இரு பொறிகள் ஒரே பெயரோடு நின்று ஒன்றையொன்று மறைக்கும். நகலெடுக்குமுன் அவ்வடையாளத்தைத் துடைத்தல் வேண்டும்.

ஏனையோர் வழக்கம் வேறு வேறு. உபுண்டு இயங்குதளத்தை இலவசமாகவே மேகத்தில் நிறுவலாம்; நெடுங்காலக் காப்பு வேண்டுவோர் புரோ என்னும் சந்தாவின் குறிச்சொல்லை அதில் இணைக்கின்றனர். தனியாள் ஒருவர்க்கு ஐந்து பொறி வரை அது இலவசம். மைக்ரோசாப்டின் அஷூர் மேகத்தில் மெத்தையிட்ட அறையை வெற்றறையாக மாற்றும் வசதி உண்டு. பொறியை மீண்டும் கட்ட வேண்டுவதில்லை. விண்டோஸ் உரிமங்களைப் பிறர் மேகத்துக்குக் கொண்டுசெல்வது கடினம். 2019ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அவ்விதிகள் மேலும் இறுகின. ரெட் ஹாட் நிறுவனத்தாரும் 2021 முதல் தனியார் ஒருவர் பதினாறு பொறிகள் வரை விலையின்றிப் பயன்படுத்த இசைந்துள்ளனர். மாணவர் பயிற்சிக்கு அது போதும். கல்லூரிப் பணிக்கு அன்று.

சந்தா கொண்டுசெல்லுதல் எப்போதும் இலாபமென்று கொள்ளற்க. ஆண்டுச் சந்தா இரவும் பகலும் தேய்ந்துகொண்டேயிருக்கும். நாளில் இரண்டு மணி நேரமே பொறி வேண்டுவோர்க்கு மணிவாடகையே மலிவு. எம் தொகுதிகளோ வாசகர் எந்நேரமும் திறந்து காண வேண்டியவை, சந்தாவும் கையிலிருந்தது. ஆகவே எமக்கு வெற்றறையே தக்கது.

தவறு அறிந்த வாரத்தில் கோல்ட் இமேஜிலிருந்து புதுப்பொறி செய்து, படங்களை அதற்கு மாற்றி, பழையதன் பதிவை நீக்கிப் பொறியையும் அழித்தோம். படங்கள் ஒன்றும் குறையவில்லை. வீணான இருமாதத் தொகையை அறுவரும் பகிர்ந்து ஈடுசெய்தோம். இருவர் உணவு விடுதிப் பணத்தினின்றும் கொடுத்தனர். கணக்குச்சீட்டின் நகல் துறைத் தலைவரிடம் உள்ளது. விரும்பும் பழைய மாணவர் அதனைப் பார்வையிடலாம்.