சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர்களுக்கும் இன்டர்ன்ஷிப் உண்டு

எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது? திருவண்ணாமலை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூன்றாம் ஆண்டு நெருங்கியதும் திருவண்ணாமலைக் கல்லூரி மாணவர்களைத் துரத்தும் கேள்வி, “இன்டர்ன்ஷிப் எங்கே போகப் போறே?” என்பதுதான். சென்னையில் சித்தப்பா இருப்பவர்கள் பஸ் ஏறிவிடுகிறார்கள். மற்றவர்களில் சிலர் ஏதோ ஒரு சென்டரில் கட்டணம் கட்டி, நாலைந்து நாள் போய்வந்து, சான்றிதழை வாங்கி ரிப்போர்ட்டில் வைத்துவிடுகிறார்கள். வைவாவில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், ஓர் அலுவலகம் எப்படி நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமலே போகிறது. அவர்கள் யார் என்று எந்த அலுவலகத்துக்கும் தெரியாமல் போகிறது.

இரண்டாவது இழப்புதான் பெரியது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் மாணவியிடம் படிப்பும் திறமையும் இருக்கலாம். ஆனால், “இந்தப் பொண்ணு பொறுப்பா வேலை செய்யும்” என்று சொல்ல, வீட்டுக்கும் வகுப்புக்கும் வெளியே ஒருவரும் இருப்பதில்லை. அப்படிச் சொல்லக்கூடிய ஒருவரையாவது சம்பாதித்துக்கொள்வதே இன்டர்ன்ஷிப்பின் முதல் பயன். அதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

பழக்கம் எப்படி வேலையாகிறது?

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், “அவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?” என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை கிடைத்தவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் தகவல் வந்தது, எப்போதாவது சந்திப்பவர்களிடமிருந்தோ, வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர்களிடமிருந்தோதான். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். வேறு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் புதுத் தகவல் வரும் என்பது அவர் கண்ட காரணம். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022இல் வெளியான ஆய்வும் இதற்கு வலுச் சேர்த்தது. நெருங்கிய பழக்கத்தைவிட, ஓரளவு பழக்கமே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது.

எனவே, சொந்தக்காரர்களில் பெரிய ஆள் இல்லை என்று ஒரு மாணவர் சோர்ந்துபோக வேண்டியதில்லை. ஒரு மாதம் ஓர் இடத்தில் ஒழுங்காக வேலை செய்தாலே, வேறு வட்டத்தைச் சேர்ந்த நாலு பேருக்கு அவரைத் தெரிந்துவிடும்.

மாவட்டத்துக்குள் எங்கெல்லாம் கேட்கலாம்?

ஐ.டி. நிறுவனம் மட்டுமே இன்டர்ன்ஷிப்புக்கு உரிய இடம் என்ற எண்ணம் நம் பிள்ளைகளின் தேடலைச் சுருக்கிவிடுகிறது. துறைவாரியாகப் பார்த்தால் இந்த மாவட்டத்திலேயே போய்க் கேட்க எத்தனையோ இடங்கள் உண்டு.

வணிகவியல் மாணவர்களுக்கு ஆடிட்டர் அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், ஆரணியின் அரிசி ஆலைகள். மேலாண்மையும் இயந்திரவியலும் படிப்பவர்களுக்குச் செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகள். ஆடை வடிவமைப்பு படிப்பவர்களுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் நெசவாளர்களும் ஜவுளிக்காரர்களும். தாவரவியல், வேதியியல், உணவு அறிவியல் மாணவர்களுக்கு அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ஜவ்வாது மலையின் சாமையை ரகமாகவும் விதையாகவும் பார்க்கிற இடம் அது.

வரலாற்று மாணவர்களுக்கு இந்த ஊரைவிட நல்ல களம் அமைவது அரிது. அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் நூலாக்கியது. திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவத்தினர் இன்றும் ஏரிக்கரைகளிலும் வயல்களிலும் கல்வெட்டு தேடிப் போகிறார்கள். அவர்களோடு நாலு ஞாயிற்றுக்கிழமை போய்ப் படியெடுக்கக் கற்ற மாணவர், வகுப்பில் கிடைக்காத ஒன்றைக் கையில் வைத்திருப்பார். தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கு, மெய்ப்புத் திருத்தமும் நூலாக்கமும் எப்படி நடக்கின்றன என்று பார்க்க ஊரிலேயே வம்சி புக்ஸ் பதிப்பகம் உண்டு.

இயற்பியல், கணித மாணவர்கள் எல்லை தாண்டிப் பார்க்கலாம். இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரு அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து ஆண்டுதோறும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை வழங்குகிறது. விஞ்ஞானி ஒருவரிடம் இரண்டு மாதம் பயிலலாம். விண்ணப்பம் வழக்கமாக நவம்பரோடு முடிந்துவிடும். ஏப்ரலில் தேடத் தொடங்குகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

எப்போது, எப்படிக் கேட்பது?

எந்த நாளில் போகிறோம் என்பதே பாதி பதிலைத் தீர்மானித்துவிடும். ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மாதத்தின் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்று வரிப் படிவங்களுக்கான கெடு அங்கே ஓடிக்கொண்டிருக்கும். 18ஆம் தேதி பயோடேட்டாவோடு போய் நின்றால், ஆடிட்டருக்குத் தலை நிமிர்ந்து பார்க்கவே நேரம் இருக்காது. 22ஆம் தேதி போனால் உட்காரச் சொல்வார். ஜூலை, செப்டம்பர் மாதக் கடைசிகள் வருமான வரிக் கெடு நெருங்கும் காலம். அப்போது புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் கிடைக்க மாட்டார்கள். இரண்டாம் ஆண்டிலேயே பேசி வைத்துவிட்டு, மே மாத விடுமுறையில் சேர்வது நல்லது.

நேரில் போகுமுன் அனுப்பும் கடிதம் இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டேலியில் வவுச்சர் பதியவும், எக்செலில் வங்கிக் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் தெரியும். நான் செய்து பார்த்த மாதிரிக் கணக்கு ஒன்றை இணைத்திருக்கிறேன். மே 2 முதல் 31 வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணி வரை உங்கள் அலுவலகத்தில் பயிற்சி பெற விரும்புகிறேன். இதுபற்றிப் பேசப் பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா ஐயா? உங்களுக்கு வசதியான நாளைச் சொன்னால் நேரில் வருகிறேன்.”

இதில் யார், என்ன தெரியும், அதற்கு என்ன சான்று, எத்தனை நாள் என்ற நான்கும் இருக்கின்றன. கடைசியில் கேட்டிருப்பது பத்து நிமிடம் மட்டும். “ஏதாவது வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள் சார்” என்று எழுதினால், என்ன செய்வது என்று யோசிக்கும் சுமை அவர் தலையில் விழுகிறது. பெரும்பாலும் பதில் வராது. ஒரு வாரம் கழித்து ஒருமுறை மரியாதையாக நினைவூட்டலாம். பத்துப் பேருக்கு எழுதினால் ஏழெட்டுப் பேர் பேசாமல்தான் இருப்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

யாருக்கு எழுதுவது என்று தெரியாவிட்டால் முதல் கதவு, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே துறையில் படித்த சீனியர்கள். அவர்களிடம் வேலை கேட்க வேண்டாம். முதல் மாதம் என்ன தெரியாமல் தடுமாறினீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பேச்சு தானாகவே அடுத்த பெயருக்கு இட்டுச் செல்லும்.

அரசுத் திட்டங்களில் எது யாருக்கு?

நான் முதல்வன்: 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கியது. படிக்கும்போதே திறன் பயிற்சி பெற உதவுகிறது. கல்லூரி ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டால் போதும்.

ஏ.ஐ.சி.டி.இ. இன்டர்ன்ஷிப் தளம்: நிறுவனங்களின் அறிவிப்புகள் ஒரே இடத்தில் கிடைக்கும். பதிவுக்கு மாணவர் பணம் கட்டத் தேவையில்லை.

பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம்: 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கியது. அப்போதைய விதிப்படி 21 முதல் 24 வயதுள்ளவர்களுக்கு 12 மாதப் பயிற்சி, மாதம் ₹5,000. முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் அப்போது சேர முடியவில்லை.

தொழில் பழகுநர் பயிற்சி: 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது, பெரும்பாலும் படிப்பு முடித்த பின்பு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். 2019 விதித் திருத்தத்தில் பட்டதாரிகளுக்கான குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ₹9,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. உதவித்தொகையும் சட்டப் பாதுகாப்பும் சேர்ந்து வருவதால், ஊதியமில்லாமல் காத்திருக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஏமாறாமல் இருக்க

‘இன்டர்ன்ஷிப் உறுதி’ என்று சொல்லி முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள். கற்றுத் தருவதற்குக் கட்டணம் வாங்கினால் அது கோர்ஸ். அதில் சேருவது உங்கள் விருப்பம், ஆனால் வேலை அனுபவம் என்று நம்பிச் சேராதீர்கள். அசல் சான்றிதழ், ஓ.டி.பி., வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை யாரிடமும் கொடுக்கக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். மாணவிகள் சேருமுன் வேலை நேரம், திரும்பிவர பஸ் வசதி, அலுவலகத்தில் வேறு பெண்கள் இருக்கிறார்களா என்பவற்றைத் தயங்காமல் கேட்கலாம். நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது.

கல்லூரிகள் செய்ய வேண்டியது

பயிற்சி முடிந்த அன்றே தொடர்பும் அறுந்துவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. ஒரு நன்றிக் கடிதம், தேர்வு முடிவு வந்ததும் ஒரு செய்தி, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து போதும். அந்தப் பழக்கம் ஆண்டுகள் தாண்டி நிற்கும்.

ஆனால், எல்லாப் பொறுப்பையும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் மேல் போடுவது நியாயமில்லை. ஒவ்வொரு துறையும் ஒரு பதிவேடு வைக்கலாம். எந்த மாணவர் எங்கே பயிற்சிக்குப் போனார், அங்கே யார் சொல்லிக்கொடுத்தார், என்ன கற்றார், அடுத்த ஆண்டும் ஆள் எடுப்பார்களா என்ற நான்கு கேள்விகளுக்கான பதில்கள் போதும். இதற்கு நிதி ஒதுக்கீடோ அரசாணையோ தேவையில்லை. ஐந்தாறு ஆண்டுகள் விடாமல் எழுதிவந்தால், சித்தப்பா இல்லாத மாணவருக்கும் முதல் நாளே கதவைத் தட்ட இருபது முகவரி கிடைக்கும். துறைத் தலைவர்கள் இந்த செமஸ்டரிலேயே அதைத் தொடங்க வேண்டும்.