கேமிங் லேப்டாப்: ஓடுகிற காலமும் ஆடுகிற காலமும்

2017-ல் வாங்கிய என் லேப்டாப் இன்னும் ஓடுகிறது. காலையில் திறந்தால் அரை நிமிடத்தில் எழுந்து நிற்கும். வீட்டுக் கணக்கு, சினிமா, இந்தக் கட்டுரை எல்லாம் அதில்தான். ஆனால் புதிதாக வந்த பெரிய கேம் எதையும் அதில் ஆடி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேமிங் லேப்டாப்புக்கு இப்படி இரண்டு ஆயுள் உண்டு. ஓடுகிற காலம் ஒன்று, ஆடுகிற காலம் இன்னொன்று. வாங்குகிறவர் கேட்பது இரண்டாவதைப் பற்றி. கடைக்காரர் பதில் சொல்வது பெரும்பாலும் முதலாவதைப் பற்றி.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுத்தர விலையில் வாங்கிய கேமிங் லேப்டாப், புதிது புதிதாக வரும் பெரிய கேம்களை நான்கு, ஐந்து வருஷம் தாங்கும். முதல் இரண்டு வருஷம் ராஜா மாதிரி. அப்புறம் செட்டிங்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு. வேலரண்ட் மாதிரி லேசான போட்டி கேம் மட்டும் ஆடுகிறவருக்கு ஏழெட்டு வருஷம் வந்தாலும் ஆச்சரியமில்லை. படிப்பு, அலுவலக வேலை என்றால் அதற்கும் மேல். இந்த எண்களை மேலும் கீழும் இழுப்பது எது என்பதுதான் விஷயம்.

என் லேப்டாப்பில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ், 4 ஜிபி வீடியோ மெமரி. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்தபோது அந்த கேம் குறைந்தபட்சம் கேட்டது 8 ஜிபி ரேமும் 2013-ம் வருஷத்து ஜிடிஎக்ஸ் 780 கார்டும்தான். சாதா ஹார்டு டிஸ்க்கே போதும் என்றார்கள். செட்டிங்ஸை அடிமட்டத்துக்கு இறக்கி நானும் ஆடினேன். 2023 செப்டம்பரில் அதே கேமுக்குப் பெரிய அப்டேட் வந்தது. குறைந்தபட்சத் தேவை 12 ஜிபி ரேம், 6 ஜிபி மெமரியுள்ள ஜிடிஎக்ஸ் 1060 என்று ஏறியது. எஸ்எஸ்டி கட்டாயம் ஆனது. என் லேப்டாப்பில் ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை. கேம்தான் தன் வாசற்படியை உயர்த்திக்கொண்டது.

ஏன் அப்போது? கம்ப்யூட்டரில் ஆடும் பெரிய கேம்களில் பெரும்பாலானவை பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்ற இரண்டு கேம் பெட்டிகளையும் மனதில் வைத்து எழுதப்படுகின்றன. பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013-ல். பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரில். புதியது வந்த பிறகும் இரண்டு, மூன்று வருஷம் பழைய பெட்டிக்கும் சேர்த்தே கேம் செய்தார்கள். 2022-ல் வந்த காட் ஆஃப் வார் ரக்னராக்கூட பிளேஸ்டேஷன் 4-ல் ஓடியது. பழைய பெட்டியை அவர்கள் கைவிடத் தொடங்கிய நாளில், அதன் பலத்தை ஒத்த லேப்டாப்களும் சேர்ந்தே கைவிடப்பட்டன. என்னுடையது அந்தக் கூட்டத்தில் ஒன்று. ஆகவே லேப்டாப்பின் வயதை வாங்கிய நாளிலிருந்து மட்டும் எண்ணிப் பயனில்லை. பெட்டியின் ஆயுளில் எந்தக் கட்டத்தில் வாங்கினோம் என்பதும் கணக்கில் வரும்.

இதில் முதலில் மூச்சு முட்டுவது வீடியோ மெமரி. சமையலறை மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். சமைக்கிறவர் எவ்வளவு வேகக்காரராக இருந்தாலும், மேடையில் இடமில்லாமல் ஒவ்வொரு டப்பாவுக்கும் பரணில் ஏறி இறங்கினால் சாப்பாடு தாமதமாகத்தான் வரும். கிராபிக்ஸ் சிப் சமைக்கிறவர், வீடியோ மெமரி மேடை. மேடை நிரம்பிவிட்டால் சுவர், தரை, முகம் என்று ஒவ்வொரு படத்தையும் மெதுவான சாதா ரேமிலிருந்து இழுத்துவர வேண்டும். திரும்பும் இடத்திலெல்லாம் கேம் திக்கித் திக்கி நிற்பது அதனால்தான். மேடையைப் பின்னால் பெரிதாக்கவும் முடியாது. லேப்டாப்பில் அது போர்டோடு பற்றவைத்தே வருகிறது.

2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் குறைந்தபட்சம் 8 ஜிபி வீடியோ மெமரி கேட்டது. ஒளியை நிஜம்போலக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டுகளையும் அது ஒதுக்கிவிட்டது. 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அதே வழி. இப்போது பாருங்கள்: ஆர்டிஎக்ஸ் 4050 போட்ட லேப்டாப்கள் விற்பனைக்கு வந்தது 2023-ல், அதில் இருப்பது 6 ஜிபி. வாங்கி இரண்டு வருஷம் ஆவதற்குள் காகிதக் கணக்கில் அது பின்வரிசைக்குப் போய்விட்டது. செட்டிங்ஸை இறக்கி ஆட முடியும் என்பது வேறு. ஆனால் இன்று புதிதாக வாங்குகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கீபோர்டில் எரியும் வண்ண விளக்குக்கும் மெல்லிய உடம்புக்கும் கொடுக்கிற காசை 8 ஜிபி கார்டுக்குக் கொடுங்கள்.

பெயரை நம்பியும் ஏமாறக் கூடாது. டெஸ்க்டாப்புக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் பிரபலமானது 12 ஜிபி. அதே பெயரோடு லேப்டாப்புக்கு வந்ததில் 6 ஜிபி. லேப்டாப்புக்கு லேப்டாப்பும் வித்தியாசம் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓடவைக்க, அதை உருவாக்கும் என்விடியா அனுமதிக்கிறது. மெலிந்த லேப்டாப்பில் அது பட்டினி கிடக்கும், தடித்ததில் வயிறாரச் சாப்பிடும். ஸ்டிக்கர் மட்டும் இரண்டிலும் ஒன்றே. கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை வாட்?' திரையும் ஒரு கண்ணி. 1920-க்கு 1080 திரையில் உள்ள புள்ளிகளைப்போல 2560-க்கு 1600 திரையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு புள்ளிகள். பார்க்க அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் கார்டுக்கு வேலையும் ஏறக்குறைய இரட்டிப்பு. நடுத்தரக் கார்டுக்கு அவ்வளவு கூர்மையான திரை சீக்கிரமே பாரமாகிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் வாங்குகிற அன்றே முடிவாகிவிடுகிற சமாச்சாரம். வாங்கிய பிறகு நம் கையில் இருப்பது சூடு.

ஃபேன் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் காற்றை இழுத்து, சிப்பின் சூட்டை அதில் ஏற்றி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். 24 டிகிரி ஏசி அறையில் 85 டிகிரியில் ஓடுகிற சிப், ஏசி இல்லாத சித்திரை மாதச் சென்னை அறையில் 36 டிகிரிக் காற்றோடு மல்லுக்கட்டினால் 95-ஐத் தாண்டும். 100 டிகிரியை நெருங்கும்போது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிர்தேசத்தில் இருந்துகொண்டு யூடியூபில் சோதனை செய்கிறவரின் எண்கள் நம் வீட்டில் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதோடு தூசி. ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் என் லேப்டாப்பைத் திறந்து காட்டினார்கள். ஃபேனுக்கும் அதன் எதிரே இருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு விரித்ததுபோல ஒரு படலம். கையால் உரித்தே எடுத்தார் கடைக்காரர். மூன்று வருஷத் தூசி. ஃபேன் முழு மூச்சில் கத்தியும் காற்று வெளியே போக வழியில்லை. மெத்தை மேல் வைத்து ஆடுகிற வழக்கம் இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அடியில் இருக்கும் காற்றுத் துளைகளைத் துணி அடைத்துக்கொள்ளும், பஞ்சும் உள்ளே போகும்.

சிப்புக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே தடவிய பேஸ்ட்டும் சும்மா இருப்பதில்லை. சூடேறி, ஆறி, மறுபடி சூடேறி, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், மிச்சம் காய்ந்துபோகும். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றினால் பத்து டிகிரி இறங்கினாலும் வியப்பில்லை. வீட்டிலேயே தூசி ஊதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். அது கன்னாபின்னாவென்று சுழன்றால் பேரிங் போய்விடும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றிய பிறகு செய்ய வேண்டிய வேலை இது.

பேட்டரி எப்படியும் மூன்று வருஷத்தில் களைத்துவிடும். சூடும், எப்போதும் நூறு சதவீதத்திலேயே நிற்பதும் அதற்கு ஆகாது. கேமிங் லேப்டாப்போ பாதி நாள் சார்ஜரில்தான் கிடக்கிறது. பல கம்பெனிகளின் மென்பொருளில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது; அதைப் போட்டுவைப்பது நல்லது. டச்பேட் மேலே எழும்பினாலோ அழுத்த வராமல் போனாலோ பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அன்றே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு மாற்றிவிடுங்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள். கீல் முறுகினாலும் தள்ளிப்போடக் கூடாது. பிளாஸ்டிக்கில் புதைத்த ஸ்க்ரூ இடம் பெயர்ந்துவிட்டால் மூடியோடு மாற்ற வேண்டி வரும். எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். 600 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம் தரும் 1 டிபி எஸ்எஸ்டிகள் சாதாரணம். தினம் 50 ஜிபி எழுதினால்கூட முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும். அதில் இடம் தீர்ந்துபோவதுதான் நிஜப் பிரச்சினை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, பால்டர்ஸ் கேட் 3 இரண்டுக்கும் ஆளுக்கு 150 ஜிபி வேண்டும்.

கேமும் சூடும் விட்டுவைத்தாலும் மென்பொருள் ஒருநாள் கதவைச் சாத்தும். விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். என்னுடையது ஏழாம் தலைமுறை, ஒரு படியில் தவறிவிட்டது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் வருவதும் அதே வருஷத்தோடு நின்றது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக என்விடியா சொல்லியிருக்கிறது. நான் லினக்ஸுக்கு மாறிக்கொண்டேன். வேலரண்ட் ஆடுகிறவருக்கு அந்த வழி கிடையாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது.

ஆயுளைக் கொஞ்சம் நீட்டவும் வழி உண்டு. 8 ஜிபி ரேமோடு வந்ததை 16 ஆக்கலாம், ஸ்லாட் இருந்தால். 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியதால் அது முன்போல மலிவான வேலை இல்லை. காசே செலவாகாத வழி டிஎல்எஸ்எஸ்: கேமைச் சின்ன அளவில் வரைந்து, திரைக்கு ஏற்றபடி பெரிதாக்கிக் காட்டும் தந்திரம். 2018-ல் தொடங்கிய ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டிலும் இது உண்டு, 2025 ஜனவரியில் வந்த மேம்பட்ட வடிவமும் பழைய கார்டுகளுக்குச் சேர்த்தே கிடைத்தது. ஜிடிஎக்ஸ்காரர்களுக்கு அது இல்லை. பல கேம்களில் இருக்கும், அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் கைகொடுக்கும். என் அனுபவத்தில் இந்த ஒரு பொத்தான் ஒன்றரை வருஷத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது.

போன மாதம் ஒரு நண்பர், 2021-ல் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப்பைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கப்போவதாகச் சொன்னார். "எல்லாமே லேக் ஆகுதுப்பா." எப்போதிலிருந்து லேக் ஆகிறது என்று கேட்டேன், மாதக் கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கில். கேம் தொடங்கிய முதல் நிமிடத்திலிருந்தே மெதுவாக இருந்தால் கார்டின் பலம் போதவில்லை. திரும்பும்போது மட்டும் திக்கினால் பெரும்பாலும் வீடியோ மெமரியோ ரேமோ பற்றவில்லை. முதலில் நன்றாக ஓடி, இருபது நிமிடம் கழித்து இழுத்தால் அது சூடு. அவர் ஆடிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்: பதினெட்டாவது நிமிடம். தூசி தட்டி பேஸ்ட் மாற்ற ஆயிரத்துச் சொச்சம் ஆனது. புது லேப்டாப்பைத் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார். எந்த வருஷத் தீபாவளி என்று சொல்லவில்லை.