அளந்த பிறகே பயிற்சி

மலேசியாவின் பெக்கோக் என்ற சிற்றூரில் பதினோரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையத் தொடங்கினால், அதை முதலில் காணக்கூடியவர் அவளுக்குத் தலை பின்னிவிடுபவர்தான். ஒரு தோள் மற்றதைவிடச் சற்று உயர்ந்திருக்கும். ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு புடைத்து நிற்கும். இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கித் தெரியும். வலி பெரும்பாலும் இருக்காது, அதனால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தொளதொளப்பான பாஜு குரோங் சீருடை மிச்சத்தையும் மறைத்துவிடும். காலையில் தோட்டத்துக்கோ ஆலைக்கோ கிளம்பும் பெற்றோர் இதைக் கவனிக்காமல் போவது அவர்களுடைய குற்றம் ஆகாது. என்ன பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இந்தப் பக்கவாட்டு வளைவுக்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். அது கூன் அல்ல. கூன் முன்னோக்கி வளைவது. இது பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கியும் கொள்ளும். அந்த முறுக்கு விலா எலும்புகளையும் கூடவே இழுத்துச் செல்வதால்தான் பிள்ளை குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறது. எக்ஸ்ரேயில் இதை அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948-இல் விளக்கினார். அந்தக் காப் கோணம் 10 டிகிரியைத் தொட்டால்தான் ஸ்கோலியோசிஸ் என்று பெயர். 10 முதல் 25 டிகிரி வரை உள்ளதைப் பொதுவாக லேசான வளைவு என்கிறார்கள். பத்து வயதிலிருந்து பதினாறு வயதுக்குள் நூற்றில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இது வரலாம். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடியாது. கனமான புத்தகப் பையோ, கோணலாக உட்கார்ந்து எழுதுவதோ இதைக் கொண்டுவருவதாக நிறுவப்படவில்லை. “நேரா உட்காருன்னு எத்தனை தடவை சொன்னேன்” என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு இங்கே இடமில்லை.

லேசான வளைவு என்று தெரிந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, பயிற்சி செய்தால் நேராகிவிடுமா என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: வளைவு எத்தனை டிகிரி, பிள்ளை இன்னும் எவ்வளவு வளரப் போகிறாள். அமெரிக்காவில் லோன்ஸ்டீன், கார்ல்சன் என்ற இருவர் 727 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 1984-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் வழிகாட்டுகிறது. 20 டிகிரிக்குக் குறைவான வளைவு, எலும்பு வளர்ச்சியில் முன்னேறிவிட்ட பிள்ளைக்கு இருந்தால் அது கூடும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அதே அளவு வளைவு வளர்ச்சியின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு வந்தால் நூற்றுக்கு 22. வளைவு 20 முதல் 29 டிகிரியாக இருந்து பிள்ளையும் இன்னும் வளர வேண்டியவளாக இருந்தால் நூற்றுக்கு 68. பூப்பெய்துவதற்குச் சற்று முந்தைய காலத்தில்தான் பெண்பிள்ளைகள் மிக வேகமாக உயர்கிறார்கள். ஆபத்தும் அப்போதுதான் அதிகம். “லேசானது” என்ற ஒரே சொல் பதினோரு வயதுக்காரிக்கும் பதினாறு வயதுக்காரிக்கும் வெவ்வேறு பொருள் தருகிறது. அளவும் வளர்ச்சிநிலையும் தெரியாமல் தொடங்கும் பயிற்சி, ஆழம் தெரியாமல் ஆற்றில் கால் வைப்பது போன்றது.

பயிற்சிக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. இந்த நோய்க்கென்றே உருவான பயிற்சி முறைகள் இருக்கின்றன. ஜெர்மனியில் கத்தரீனா ஷ்ரோத் என்ற பெண்மணி, தம் முதுகு வளைவுக்குத் தாமே வழி தேடி, 1920-களில் மைசன் நகரில் தொடங்கிய முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. கண்ணாடி முன் நின்று தன் உடல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பிள்ளை உணர வேண்டும். அதைத் தானே திருத்தி, குழிந்த பக்கத்து விலாக்கள் விரியும்படி மூச்சை இழுத்து, அந்த நிலையைத் தசைகளால் தாங்கிப் பழக வேண்டும். பிறகு அதே திருத்தத்தை உட்காரும்போதும் எழுதும்போதும் நடக்கும்போதும் கொண்டுவர வேண்டும். இத்தாலியில் மொன்டிகோனே குழுவினர் 10 முதல் 25 டிகிரி வளைவுள்ள 110 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இத்தகைய தனிப் பயிற்சியும் மறுபாதிக்குப் பொதுவான உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். 2014-இல் வெளியான முடிவில் தனிப் பயிற்சி பெற்றவர்களின் வளைவு சராசரியாக 5 டிகிரிக்கு மேல் குறைந்திருந்தது, மற்றவர்களுக்குக் குறையவில்லை. துருக்கியில் 2016-இல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்று, ஷ்ரோத் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் செய்தவர்கள் முன்னேறியதையும், சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டில் செய்யச் சொன்னவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்காததையும் காட்டியது. கைப்பேசியில் காணொளி பார்த்துச் செய்தால் போதாதா என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது முடிவைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஆனால் இந்த ஆய்வுகளைத் தராசில் வைத்துப் பார்த்தவர்கள் அவ்வளவு உற்சாகம் காட்டவில்லை. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு, பயிற்சியைப் பரிந்துரைக்கத் தரமான சான்று போதவில்லை என்று 2012-இல் எழுதியது. 2024-இல் புதுப்பித்தபோதும் கிடைத்த சான்றுகளின் உறுதி குறைவு என்றே சொன்னது. எக்ஸ்ரேயில் கோணத்தை அளக்கும்போதே 5 டிகிரி வரை முன்பின் வரும் என்பதால், மூன்று டிகிரி குறைந்தது என்று ஒரு பிள்ளையின் படத்தைக் காட்டி யாரும் மார்தட்ட முடியாது. இந்த மறுப்பு நியாயமானது, மழுப்பத் தேவையில்லை. ஆனால் 25 டிகிரிக்குக் குறைந்த வளைவுக்கு அறுவை சிகிச்சை கிடையாது, பெரும்பாலும் உடலில் அணியும் பட்டைக் கவசமும் கிடையாது. வழக்கமாகச் சொல்லப்படுவது, காத்திருந்து மீண்டும் பாருங்கள் என்பதுதான். அந்தக் காத்திருப்புக் காலத்தில் தீங்கு குறைவான, பிள்ளைக்குத் தன் உடலைப் பற்றிய தெளிவைத் தரக்கூடிய ஒன்றைச் செய்வது அறிவுக்குப் பொருந்தும். நிபந்தனை ஒன்றுதான்: பயிற்சி அந்தக் கண்காணிப்போடு சேர்ந்து நடக்க வேண்டும். பயிற்சியை நம்பிக் கண்காணிப்பைக் கைவிட்டால், குறைந்த உறுதியுள்ள ஒன்றுக்காக அதிக உறுதியுள்ள ஒன்றை விட்டதாகிவிடும்.

நீச்சல், யோகா, பூப்பந்து போதாதா என்றும் கேட்கிறார்கள். அவற்றைத் தாராளமாகச் செய்யட்டும். லேசான வளைவுக்காக ஒரு பிள்ளையை விளையாட்டிலிருந்து விலக்குவது தவறு. அவை உடலுக்கு நல்லவை, வளைவுக்கு மருந்தல்ல, அவ்வளவுதான். எதிர்த்திசையிலிருந்து வரும் கேள்வி கனமானது. லேசான வளைவுகளில் பெரும்பாலானவை கூடப்போவதில்லை என்றால், எல்லாப் பிள்ளைகளையும் குனிய வைத்துப் பார்த்து வீணாக எக்ஸ்ரேயும் பயமும் ஏற்றுவானேன்? அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுகூட, பள்ளிப் பரிசோதனையின் நன்மை தீமையை எடைபோடச் சான்று போதாது என்று 2018-இல் சொன்னது. ஆனால் அதே குழு 2004-இல் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லியிருந்தது. இடையில் வந்தது, 2013-இல் வெளியான பட்டைக் கவச ஆய்வு. அறுவை சிகிச்சை அளவுக்கு வளைவு போகாமல் தப்பியவர்கள், கவசம் அணிந்தோரில் நூற்றுக்கு 72 பேர், வெறுமனே கண்காணிக்கப்பட்டோரில் 48 பேர். கவசம் வளரும் பருவத்தில்தான் பயன் தரும். நேரத்தோடு கண்டுபிடிப்பதற்கு இதனால் ஒரு பொருள் வந்துவிட்டது.

நம் நாட்டில் பள்ளி சுகாதாரக் குழு தொடக்கப்பள்ளியில் ஆண்டு 1-இலும் ஆண்டு 6-இலும் பிள்ளைகளைப் பார்க்கிறது, பிறகு சில ஆண்டுகள் கழித்து இடைநிலைப்பள்ளியில். பெண்பிள்ளைகளின் வேகமான வளர்ச்சியில் ஒரு பகுதி அந்த இடைவெளியில் விழுகிறது. ஆண்டு 6-இல் நேராக இருந்த முதுகு பதின்மூன்று வயதில் வளைந்தால் பார்க்க யாரும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது வீடுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிள்ளை கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், கைகளைக் கோத்து முன்னால் குனியட்டும். பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் மேடு தெரிந்தால் சுகாதாரக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். கடுமையான வலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடின்மை இருந்தால் காத்திருக்கவே கூடாது; அது வேறு நோயாக இருக்கலாம்.

இந்தத் தெளிவு இல்லாத இடத்தில் வியாபாரம் நுழைகிறது. பத்து முறை வந்தால் நேராக்கிவிடுவோம் என்ற விளம்பரம், முதுகை நிமிர்த்தும் பெல்ட், முன்பணம் கட்ட வேண்டிய தொகுப்புச் சிகிச்சை. இவற்றில் பணம் போவதைவிடப் பெரிய இழப்பு, அந்தச் சிகிச்சைக் காலத்தில் யாரும் வளைவை அளக்காமல் போவது. சுளுக்கு எடுப்பவரிடம் வளரும் முதுகைக் கொடுத்து அழுத்தச் சொல்வதும் அப்படித்தான். மலேசியாவில் பிசியோதெரபிஸ்ட்டுகள் 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் 774-இன் கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். கைரோபிராக்டிக் சிகிச்சையாளர்கள் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் 775-இன் கீழ் வருகிறார்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது. ஏமாற்றப்பட்டால் எங்கே போவது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமல், மூன்று ஆண்டுகளுக்குள், 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தொழிலர்களின் சேவையை விலக்கிவைத்திருக்கிறது. பெல்ட் விற்ற கடைமீது நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பதிவு பெற்ற சிகிச்சையாளர் மீதான புகார் அவருடைய தொழில் மன்றத்துக்கோ சுகாதார அமைச்சுக்கோ போக வேண்டும். ரசீதும் விளம்பரத்தின் படமும் இல்லாமல் இரண்டு வழியிலும் நடப்பது கடினம்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி என்ற கட்டணம் பெக்கோக் குடும்பத்துக்குத் தடையல்ல. தடை தூரமும், ஒரு நாள் கூலியும். சிகாமட் மருத்துவமனைக்கு வாரந்தோறும் போ என்றால் மூன்றாவது வாரமே நின்றுபோகும். அதனால் பயிற்சியைப் பரிந்துரைப்பவரிடம் நடைமுறையைப் பேசியாக வேண்டும். முதல் சில வாரம் நேரில் கற்றுக்கொண்டு, பிறகு வீட்டில் தினமும் செய்து, மாதம் ஒருமுறை வந்து திருத்திக்கொள்ளலாமா? பள்ளி விடுமுறையில் தொடர்ச்சியாகச் சில நாள் வரலாமா? குடியுரிமைப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கு வெளிநாட்டவர் கட்டணம் விதிக்கப்படக்கூடும். அத்தகைய குடும்பங்கள் பயந்து திரும்பிவிடாமல் மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவைக் கேட்க வேண்டும். கவசம் வாங்க வசதியில்லாத குடிமக்களும் அங்கேதான் மருத்துவ உதவி நிதிக்கு வழி கேட்க வேண்டும். போகும் ஒவ்வொரு முறையும் நான்கு விவரங்களைச் சிறு நோட்டில் எழுதி வாங்குங்கள்: காப் கோணம், எலும்பு வளர்ச்சிநிலை, பிள்ளையின் உயரம், அடுத்து வர வேண்டிய தேதி. மருத்துவர் மாறினாலும், குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போனாலும், அடுத்துப் பார்ப்பவர் அந்த நோட்டிலிருந்து தொடங்கலாம்.