தப்பிக்க வழி இல்லாத இடத்துலதான் அரசு பிறந்ததா?

சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே டிடிஎஸ் போயிடுது. நாமளும் பெருசா கேள்வி கேட்கறதில்லை. ஆனா மனித வரலாற்றின் பெரும்பகுதி அரசே இல்லாமல்தான் ஓடியிருக்கு. அப்போ, முதன்முதலா ஒருத்தர் வந்து "விளைச்சல்ல ஒரு பங்கு எனக்கு"ன்னு கேட்டப்ப, ஜனங்க ஏன் கிளம்பிப் போயிடலை?

ஒரு பதில், அரசு தேவைப்பட்டுச்சு என்பது. பெரிய பாசன வேலைகளை நடத்த ஒரு மைய நிர்வாகம் வேணும், அதுவே அதிகாரமா வளர்ந்ததுன்னு கார்ல் விட்ஃபோகல் 1957-ல் எழுதினார். ஆனா மெசபடோமியா மாதிரி இடங்கள்ல பெரிய பாசனத்துக்கு முன்னாடியே அரசு வந்துடுச்சுன்னு மறுத்தவங்க உண்டு.

அவர்கள்ல ஒருத்தர் அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் கார்னெய்ரோ. எந்த ஊரும் தன் சுதந்திரத்தைச் சும்மா விட்டுக் கொடுக்காது, போர்தான் காரணம் என்பது 1970-ல் அவர் வச்ச வாதம். சரி, போர் எல்லா இடத்துலயும்தான் நடந்துச்சு. அரசு ஏன் எல்லா இடத்துலயும் வரலை?

இதுக்கு அவர் இரண்டு இடங்களை ஒப்பிடறார். அமேசான்ல காடு பரந்து கிடக்கு. தோத்த ஊர் மூட்டையைக் கட்டிக்கிட்டு தள்ளிப் போய்க் குடியேறலாம். பெரு நாட்டுக் கடற்கரையில அப்படி இல்லை. அங்கே சுமார் 78 குறுகிய பள்ளத்தாக்குகள். பின்னால மலை, முன்னால கடல், இரண்டு பக்கமும் பாலைவனம். தோத்தவங்க அங்கேயே இருந்து கப்பம் கட்டணும். அதை வசூலிக்க ஆள், கட்டாதவங்களைத் தண்டிக்க ஆள் வேணும். ஊர் ஊரா ஜெயிச்சு, பள்ளத்தாக்கு பள்ளத்தாக்கா ஜெயிச்சு, அது அரசா ஆகுது.

ஜேம்ஸ் ஸ்காட் 2017-ல் இன்னொரு விஷயம் சேர்த்தார்: பயிர். கோதுமை, நெல் எல்லாம் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரே சமயத்துல விளையும். அளக்கலாம், சேமிக்கலாம். மரவள்ளி மண்ணுக்குள்ளயே இருக்கும். வரி வேணும்னா அதிகாரிதான் தோண்டணும்! அமேசான்ல முக்கிய உணவே மரவள்ளிதான் என்பதைக் கவனிங்க.

கார்னெய்ரோவோட படம் முழுசு இல்லை. அவர் ஆய்வு செய்த ஷிங்கு ஆற்றுப் பகுதியிலேயே பிற்கால அகழாய்வுகள்ல அகழிகள், நேரான சாலைகளோட பெரிய குடியிருப்புகள் கிடைச்சிருக்கு. அமேசான் நாம நினைச்ச மாதிரி சிறு ஊர்கள் மட்டுமே இருந்த காடு இல்லை.

இருந்தாலும் அவர் கேட்ட கேள்வி நிக்குது. நாம அரசுக்குக் கட்டுப்படறது ஒத்துக்கிட்டதாலயா, போக வேற இடம் இல்லாததாலயா? யோசிச்சுச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.