ஸ்மால்மவுத் பாஸ் இல்லாத ஊரில் ஃப்ளை ஃபிஷிங்

"ஃப்ளை ஃபிஷிங்னா ஈயைப் பிடிச்சு மாட்டி மீன் பிடிக்கிறதாடா?" ஹாஸ்டலில் என்னிடம் இதைக் கேட்காத ஆளே இல்லை.

இல்லை மக்களே. இறகு, நூல், ஃபோம் எல்லாம் வைத்துத் தூண்டில் முள்ளில் கட்டுகிற பொம்மை இரைக்குத்தான் ஃப்ளை என்று பெயர். பூச்சி மாதிரியும் கட்டலாம், தவளை, சின்ன மீன் மாதிரியும் கட்டலாம். யூடியூப்பில் தேடினால் அமெரிக்க ஆறுகளில் ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்கிற வீடியோக்கள் வரிசையாக வரும். ஓசூர் பக்கம் அந்த மீன் கிடையாது. நம்ம ஏரிகளில் அதற்குப் பக்கத்தில் வருகிற மீன் விரால். நம்ம ஊர்த் தெலுங்கு வீடுகளில் கொர்ரமீனு. ரெண்டுமே பதுங்கி இருந்து பாய்கிற மீன், ரெண்டுமே முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கிற மீன். இந்தக் கடைசி விஷயம் தெரியாமல் நான் ஒரு தப்பு செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் லைன், அப்புறம் ராடு

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டோ கனமான இரையோதான் பறந்து போகும், நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளையில் இது தலைகீழ். ஃப்ளைக்கு எடை ரொம்பக் குறைவு. அதனால் லைனையே கனமாகச் செய்து அதை வீசுகிறோம். சாட்டை மாதிரி லைன் விரிந்து போகும்போது நுனியில் இருக்கிற ஃப்ளையும் கூடவே போய் விழும்.

ராடு மேல் போட்டிருக்கும் 5, 6, 8 என்கிற நம்பர் இந்த லைனோட எடையைத்தான் குறிக்கும். லைனின் முதல் 30 அடியை எடை போட்டால் 5-ம் நம்பர் 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 6-ம் நம்பர் 160 கிரெய்ன். 8-ம் நம்பர் 210 கிரெய்ன், சுமார் 13.6 கிராம். ராடு ஒரு ஸ்ப்ரிங். சரியான லோடு கொடுத்தால்தான் அது வளைந்து, நாம் கொடுத்த எனர்ஜியைத் திருப்பிக் கொடுக்கும். 8-ம் நம்பர் ராடில் 5-ம் நம்பர் லைன் போட்டால் வளையவே வளையாது. நான் முதலில் அதைத்தான் செய்துவிட்டு, காசை ஏமாந்துட்டோம்னு ஒரு வாரம் புலம்பினேன்.

எந்த நம்பர் எடுப்பது?

ஸ்மால்மவுத் பாஸுக்குப் பொதுவாக 6 அல்லது 7 சொல்வார்கள். அதைப் பார்த்து 6-ம் நம்பரும் மெல்லிசான நரம்பும் வாங்கினேன். முதல் விரால் கடித்த உடனே ஆகாயத்தாமரை வேருக்குள் தலையை விட்டது. நரம்பு பட்டென்று அறுந்து, முள்ளோடு மீன் போனது. அதற்கப்புறம் நான் கற்றது இது:

விராலுக்கு 8-ம் நம்பர், 9 அடி ராடு. பெரிய ஃபோம் தவளையைக் காற்றை எதிர்த்து வீசவும், செடிக்குள் போகிற மீனைத் தடுத்து நிறுத்தவும் அந்தப் பலம் வேண்டும். மிதக்கிற லைன் போதும். லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டுகிற லீடர் 6, 7 அடி இருந்தால் போதும். அதன் நுனி நரம்பு 15 முதல் 20 பவுண்டு தாங்கணும். விராலுக்குப் பல் உண்டு, அதனால் கடைசி அரை அடிக்கு இன்னும் தடித்த நரம்பு நல்லது.

ஜிலேபிக்கு 4 அல்லது 5-ம் நம்பரும், சின்ன ஃப்ளையும். இது 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்த வெளிநாட்டு மீன், தாராளமாகக் குழம்புக்குப் போகலாம். ஆனால் பெங்களூருக் கழிவு கலந்து தென்பெண்ணையில் நுரை பொங்குகிறதே, அந்தத் தண்ணீர் மீன் மட்டும் வேண்டாம்.

எந்த ஃப்ளை?

ஸ்மால்மவுத் ஆட்களுக்குப் பிடித்த ஃப்ளை க்ளவுசர் மின்னோ. பென்சில்வேனியாவின் சஸ்குவஹன்னா ஆற்றில் பாஸ் பிடிக்க பாப் க்ளவுசர் 1980-களில் கட்டியது. முள்ளின் ஒரு பக்கத்தில் ரெண்டு உலோகக் கண் வைப்பார்கள். அந்த எடையால் ஃப்ளை கவிழ்ந்து, முள் நுனி மேலே பார்க்கும். அதனால் பாறையில் அவ்வளவாக மாட்டாது. இழுத்து நிறுத்தினால் காயம்பட்ட மீன் குஞ்சு மாதிரி தலைகுப்புற இறங்கும். அருமையான டிசைன்.

ஆனால் நம்ம ஏரியில் தொல்லை பாறை இல்லை, செடி. அதனால் மேலே மிதக்கிற தவளைதான் சரி. பழைய ரப்பர் செருப்பு ஃபோமை வெட்டி உடம்பு, சேவல் இறகில் கால், முள் நுனியை மறைக்கத் தடித்த நரம்பில் ரெண்டு வளையம். செலவு பத்து ரூபாய்கூட வராது. முள் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். ஒர்க்‌ஷாப்பில் கம்பி கேஜ் பார்க்கிற மாதிரி, நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும். 1-க்கு அப்புறம் 1/0, 2/0 என்று மறுபடி பெரிசாகும். விராலுக்கு 1/0, ஜிலேபிக்கு 10 அல்லது 12.

எந்த முள்ளாக இருந்தாலும், நுனிக்குக் கீழே பின்பக்கம் நீட்டியிருக்கும் சின்னப் பல்லைக் கட்டிங் பிளேயரால் அழுத்தித் தட்டையாக்கி விடுங்கள். மீனை விடும்போது வாய் கிழியாது. விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழற்றலாம். அனுபவம்.

எப்போது வீசக்கூடாது?

செகண்ட் இயர், மழைக்காலம். ஏரி ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருந்தது. செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கில் விரால் குஞ்சுகள், மூச்சு விட மேலே வந்து வந்து போயின. நடுவில் தவளையை வீசினேன். தாய் விரால் அறைந்த அறையில் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. பத்து நிமிஷம் நான்தான் உலகத்திலேயே பெரிய மீன்காரன்.

பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி தம்பி, இனி அந்தக் குஞ்சுங்கள யாரு பாத்துக்குவாங்க?"

திரும்பிப் பார்த்தேன். கெண்டைகளும் ஒரு நீர்க்காகமும் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தன. அது பசியில் கடிக்கவில்லை, குஞ்சைக் காப்பாற்றத்தான் கடித்தது. ஸ்மால்மவுத் பாஸிலும் ஆண் மீன் கூட்டைக் காக்கிறது. அதனால்தான் வட அமெரிக்காவில் பல இடங்களில் முட்டையிடும் பருவத்தில் பாஸ் பிடிக்கத் தடையோ கட்டுப்பாடோ வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தச் சட்டத்தைச் சொல்ல அந்தத் தாத்தாதான் இருந்தார்.

கடைசியாக ரெண்டு விஷயம். ஏரி பெரும்பாலும் குத்தகையில் இருக்கும், கேட்காமல் இறங்காதீர்கள். காவிரிப் பக்கம் மஹசீர் ஆசையோடு போகவே போகாதீர்கள். அஞ்செட்டியைத் தாண்டிய காடு, 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். அங்கே வாழும் கூன்முதுகு மஹசீர், அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018-ல் பட்டியலில் சேர்க்கப்பட்ட மீன்.

மற்றபடி 8-ம் நம்பர் ராடு என் ரூமில்தான் இருக்கிறது. வீசிப் பழக ஏரிகூட வேண்டாம், கிரவுண்டே போதும். செம் எக்ஸாம் முடிந்ததும் வாங்க. செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் மட்டும் லைனைச் சுற்றிவிட்டு அடுத்த கரைக்குப் போவோம்.